தண்ணிக் கஷ்டமே இல்லை

கன்னங்குறிச்சி தாண்டி, பவளமல்லி நகர்,
பத்தாம் நம்பர் மனையில் ஒரு வீடு.
தரகர் மாதையன் செருப்பைக் கழற்றாமலே
அறை அறையாகக் காட்டினார்.
"நாப்பதடியில ஊத்து. சித்திரையிலயும் வத்தாது.
தண்ணிக் கஷ்டமே இல்லீங்க."

சேலத்தில் இதைவிட இனிப்பான சொல் கிடையாது,
மாம்பழத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.
குழாயில் காற்று இரைவதைக் கேட்டே
அர்த்தராத்திரியில் எழுந்து பழகியவள் நான்.
அப்போதே தலையாட்டியிருப்பேன்.
ஆனால் மீட்டர் பெட்டி
என் தலைக்கு மேலே இருந்தது.

ஏன் இவ்வளவு உயரம் என்றேன்.
"பிள்ளைங்க கை பட்டுடக் கூடாதுன்னு."
பக்கத்து வீட்டிலும் அதே உயரம்.
எதிர் வீட்டிலும்.
இந்தத் தெருப் பிள்ளைகள்
ஆறடிக்கு வளர்ந்தவர்கள் போல.

சுவருக்குப் புதுப் பூச்சு, பிஸ்தாப் பச்சை.
இடுப்புக்குக் கீழே மட்டும் இரண்டு கை.
வாசல் நிலையின் இருபுறமும்
பலகை செருக ஒரு காடி.
"நாய் வராம இருக்க" என்றார், கேட்பதற்கு முன்பே.
பக்கத்துக் காலி மனையில்
அக்னி நட்சத்திரத்திலும் கோரை பச்சையாக நின்றது.
கோரைக்குத் தரகுப் பணம் யாரும் தருவதில்லை.

செங்கோட்டுவேலு கைபேசியில் தவணை போட்டுப் பார்த்தார்.
இருபது வருடம்.
இருபது ஐப்பசி என்று நான் எண்ணினேன்.

புலப்படம் வாங்கிப் பார்த்தோம்.
பத்தாம் நம்பர் மனைக்குக் குறுக்கே
இரட்டைக் கோடாக ஒரு ஓடை.
ஏரி நிரம்பிக் கலிங்கு தாண்டினால்
அது இறங்கிப் போகிற வழி.
அதற்குப் பட்டா இல்லை.
போக்கிடமும் இல்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.
ஐப்பசியில் ஒரு மதியம்
ஏற்காடு கறுத்தபோது
ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.
நகரில் தூறல்கூட இல்லை.
காயப்போட்ட துணியை யாரும் எடுக்கவில்லை.
இரண்டு மணி நேரம்.
பிறகு தெருமுனையில் செம்மண் நிறத்தில்
வந்தது அது.
யாரிடமும் விலாசம் கேட்கவில்லை.
காப்பிக்கொட்டைத் தோலும்
சில்வர் ஓக் இலையும்
ஒற்றை ரப்பர் செருப்புமாக
நேரே பத்தாம் நம்பருக்குள் திரும்பியது,
வேலை முடிந்து வீடு வருகிறவர்
கேட்டைத் தள்ளுவது போல.

மேட்டுத் தெருவில் விலை கேட்டோம்.
சதுர அடிக்கு ஆயிரத்து எண்ணூறு கூடுதல்.
நாலடி உயரத்துக்கு இருபது லட்சம்.
செங்கோட்டுவேலு கைபேசியை அணைத்துச்
சட்டைப் பையில் போட்டார்.

வேண்டாம் என்று சொல்லப் போன நாளில்
மாதையன் ஆபீசில் இன்னொரு குடும்பம்,
அட்வான்ஸ் பணம் மஞ்சள் பையில்.
அவர் கொலுசுப் பட்டறையில் பொடி ஊதுகிறவர்;
விரல் நுனிகள் கருத்திருந்தன.
மனைவி பெயர் குமுதவல்லி.
அவளைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டு
வரைபடத்தை விரித்தேன்.
ஓடைக்கு நேராக விரலை வைக்கும் முன்பே
அவள் அதை மடித்துக் கொடுத்தாள்.

"தெரியும்க்கா.
வருஷத்துல மூணு நாள்.
மிச்ச நாளெல்லாம்
காலி பண்ணுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

மீட்டர் பெட்டி, கோரை, புலப்படம்:
எல்லாம் படிக்கத் தெரிந்த எனக்கு
இந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று தெரியவில்லை.
நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அழகாபுரத்தில் இன்னும் வாடகை வீடுதான், மாடி.
துணி எடுக்கப் போகிறபோதெல்லாம்
முதலில் மலையைப் பார்க்கிறேன்.
நேற்று உச்சி தெரியவில்லை.
அழைத்தேன்.

"மேல கறுத்திருக்கு, குமுதா."
"பாத்துட்டேன்க்கா. பலகை செருகியாச்சு."

பின்னால் கனமாக ஏதோ
தரையில் இழுபடும் சத்தம்.
கட்டிலா, பீரோவா,
கேட்கவில்லை.